ஒரு காப்பிக்கொட்டை

தணிகாசலத்துக்கு வயது அறுபத்திரண்டு. அவருடைய குருவுக்கு முப்பத்தொன்று.

குருவின் பெயர் பிலோமினா. ஏற்காட்டில் பிரேக் வேலை மட்டும் பார்க்கிற ஒரு பட்டறை வைத்திருக்கிறாள். பதினான்கு வருஷத்துக்கு முன்னால் தணிகாசலத்திடம் பௌதிகம் படித்தவள். உராய்வு விசைப் பரீட்சையில் அவர் அவளுக்குப் போட்ட மதிப்பெண் நூற்றுக்கு இருபத்தொன்பது. அதை அவளும் மறக்கவில்லை, அவரும் மறக்கவில்லை.

ஓய்வு பெற்ற மறுமாதம் தணிகாசலம் காயலான் கடையிலிருந்து ஒரு பழைய பிக்கப் வண்டியை இழுத்து வந்து வீட்டுக் கொல்லையில் நிறுத்தினார். அறுபத்தெட்டாம் வருஷத்து வண்டி. தரையெல்லாம் ஓட்டை, சீட்டுக்குள் எலிக் குடும்பம். இரண்டு வருஷம் துருவைத் தேய்த்தார், தகரத்தை ஒட்டினார், எஞ்சினை உயிர்ப்பித்தார், பச்சை பெயிண்ட் அடித்தார். முன்சக்கரத்து டிரம் பிரேக்கைக் கழற்றிவிட்டு டிஸ்க் பிரேக் மாட்டலாம் என்று தோன்றியபோதுதான் பிலோமினாவைத் தேடிப் போனார்.

“வேலையை நான்தான் செய்வேன். நீ சொல்லிக்குடுத்தா போதும்.”

“நான் சொன்னா கேப்பீங்களா சார்?”

“கேக்கறேன், குருவே.”

கிண்டலாகத்தான் சொன்னார். பேர் நிலைத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் குரு வருவாள். கவிழ்த்த பக்கெட்டில் உட்கார்ந்து பார்ப்பாள். ஸ்பேனரைத் தொட மாட்டாள். தப்பாக மாட்டினால், “திரும்பக் கழட்டுங்க சார்” என்பாள். வேறு விளக்கம் கிடையாது. வகுப்பில் அவர் எத்தனை பேரை “திரும்ப எழுது” என்று அனுப்பியிருக்கிறார்! அதனால் வாயை மூடிக்கொண்டு கழற்றினார்.

இத்தனை பாடும் ஒரே ஒரு ஆளுக்காக. அவர் மனைவி வேதவல்லி வீட்டோடு நர்சரி வைத்திருக்கிறாள். ரோஜா, குரோட்டன்ஸ் நாற்றுகளை வாரம் ஒருமுறை பஸ்ஸில் சேலத்துக்குக் கொண்டுபோய் விற்கிறாள். பதினொரு வருஷத்துக்கு முன்னால் சேலத்துக்கு இறங்குகிற மலைப்பாதையில் தணிகாசலம் ஓட்டிய ஜீப்பில் பிரேக் பிடிக்காமல் போனது. வண்டியை மலைச்சுவரில் மோதி நிறுத்தினார். வேதவல்லிக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது.

அதற்காக அவள் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஆனால் அதன்பிறகு அவர் ஓட்டுகிற எதிலும் அவள் ஏறியதும் இல்லை. சூடு கண்ட பூனை. நாற்றுகள் பஸ்ஸில் போவது பற்றி அவருக்குக் கவலை இல்லை. டிரைவர் சீட்டுக்குப் பக்கத்து சீட் பதினொரு வருஷமாகக் காலியாக இருக்கிறதே, அதுதான் அவரை அரித்தது.

“பிலோமி சரின்னு சொன்னா ஏறுறேன். நீங்க சொன்னா ஏற மாட்டேன்” என்று வேதவல்லி முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

டிஸ்க் மாட்டி முடிந்தது. தணிகாசலம் பக்கத்து சீட்டில் ஒரு உர மூட்டையை வைத்துக் கயிற்றால் கட்டினார்.

“எனக்குப் பதிலா உரமா?” என்றாள் வேதவல்லி.

“எடை சரியா இருக்கு.”

“நல்ல மரியாதைதான்.”

உர மூட்டையோடு மலையிறங்கினார். ஐந்தாவது வளைவில் கருகல் வாடை வந்தது. மிதித்தால் பெடல் மெத்தென்று உள்ளே போயிற்று. முன்சக்கரத்தில் புகை. கைபிரேக்கை இழுத்து நிறுத்தி, ஆறவைத்து, வண்டியைத் திருப்பி மெல்ல மலையேறி வீடு வந்து சேர்ந்தார். அன்று ராத்திரி அவருக்குச் சோறு இறங்கவில்லை.

பிரேக் பேடை மாற்றினார். அதே ஐந்தாவது வளைவு, அதே வாடை. ஆயில் டியூபை மாற்றினார். வாடை. மாஸ்டர் சிலிண்டரையே புதிதாக வாங்கி மாட்டினார். புகை. ஒவ்வொரு தடவையும் பிலோமினா வந்து சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தாள். சக்கரம் தடையில்லாமல் சுற்றியது.

“சரியாத்தான் இருக்கு சார்.”

நாலாவது ஞாயிறு தணிகாசலம் ஸ்பேனரைக் கீழே போட்டார்.

“எல்லாம் புதுசு. ஒண்ணுலயும் குத்தம் இல்லைங்கிற. அப்ப ஏன் பிரேக் வேகுது? சொல்லு குருவே. இல்லைன்னா இதை வந்த இடத்துக்கே அனுப்பிடறேன்.”

அவர் குரல் உடைந்தது. பிலோமினா அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. எழுந்து உள்ளே போய் வேதவல்லியைக் கூப்பிட்டாள்.

“அம்மா, சார் இறங்கும்போது நீங்களும் வரணும்.”

“நான் ஏற மாட்டேன்னு சொன்னேனே.”

“ஏற வேண்டாம். என் ஸ்கூட்டர்ல பின்னாடி உக்காருங்க. வண்டிக்குப் பின்னாடியே போவோம். சார் பிரேக் மிதிச்சா சிவப்பு விளக்கு எரியும். எத்தனை தடவை எரியுதுன்னு எண்ணிச் சொல்லணும்.”

“என்னால எண்ணிக்கை வெச்சுக்க முடியாது.”

பிலோமினா முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்த காப்பிக்கொட்டையில் ஒரு பிடி அள்ளி அவள் மடியில் போட்டாள்.

“ஒவ்வொரு தடவை எரியும்போதும் ஒண்ணு எடுத்து இடது கையில வெச்சுக்குங்க.”

முன்னால் பச்சை வண்டி, பின்னால் ஸ்கூட்டர். ஐந்து வளைவு இறங்கினார்கள். வாடை வந்தது. சாலை அகலமாக இருந்த இடத்தில் தணிகாசலம் ஓரம் கட்டி எஞ்சினை அணைத்தார். பிலோமினா பாட்டிலைத் திறந்து முன்சக்கரத்துப் பக்கம் நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்தாள். சுர்ரென்றது.

“எத்தனைம்மா?”

வேதவல்லி ஜன்னலருகே வந்து இடது கையை விரித்தாள். உள்ளங்கையில் ஒரே ஒரு கொட்டை இருந்தது.

தணிகாசலத்தின் முகம் மலர்ந்தது. “ஒரு தடவைதானா! பாத்தியா? நான் பிரேக்கே மிதிக்கல. அப்ப வண்டியிலதான் கோளாறு.”

“ஒரு தடவைதாங்க” என்றாள் வேதவல்லி. “வீட்டு வாசல்ல எரிஞ்சுது. இன்னும் அணையல.”

தணிகாசலம் குனிந்து பார்த்தார். வண்டி நின்றிருந்தது, எஞ்சின் அணைந்திருந்தது, கைபிரேக் இழுத்திருந்தது. அவருடைய வலது கால் இன்னும் பிரேக் பெடல்மேல் இருந்தது.

கீழேயிருந்து ஒரு பஸ் முனகிக்கொண்டே ஏறிப் போனது.

“உராய்வு இருந்தா வெப்பம் வரும்” என்றாள் பிலோமினா. “நீங்க நடத்தின பாடம்தான் சார். நான்தான் அன்னைக்குத் தப்பா எழுதினேன்.”

தணிகாசலம் சிரித்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். இரண்டு வருஷ உழைப்பு வீணில்லை, மாட்டியது எதுவும் தப்பில்லை. நெஞ்சில் கிடந்த பாறாங்கல்லை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது அவருக்கு.

சிரிப்பு அடங்கியதும் மெல்லச் சொன்னார். “அன்னைக்கு ஜீப்ல மிதிச்சேன். ஒண்ணுமே இல்ல அங்க. அதுலேர்ந்து, காலை எடுத்தா திரும்ப மிதிக்கும்போது இருக்காதோன்னு பயம்.”

வேதவல்லி அவரைப் பார்த்தாள். பதினொரு வருஷத்தில் இதை அவர் அவளிடம் சொன்னது இப்போதுதான்.

வண்டி ஆறட்டும் என்று முக்கால் மணி நேரம் உட்கார்ந்தார்கள். வேதவல்லி பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றினாள். சக்கரம் தொடும் சூட்டுக்கு வந்ததும் பிலோமினா ஜன்னலருகே வந்து நின்றாள்.

“காலை எடுங்க சார்.”

எடுத்தார்.

“மிதிங்க. இருக்கா?”

“இருக்கு.”

“எடுங்க. மிதிங்க. இருக்கா?”

“இருக்கு.”

“எடுங்க.”

வாய்ப்பாடு ஒப்பிக்கிற பையனைப் போல அவர் “இருக்கு, இருக்கு” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இருபது தடவைக்குமேல் ஆயிற்று. முதலில் விறைத்திருந்த முழங்கால் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது.

“இப்ப ரெண்டாவது கியர்ல போங்க. எஞ்சின் பிடிச்சுக்கும். வளைவுக்கு முன்னாடி ஒரு மிதி, அப்புறம் காலை எடுத்துக் கீழ வெச்சுடுங்க.”

“கீழயா?”

“கீழதான் சார். தரை இருக்கு. ரெண்டு வருஷமா நீங்க ஒட்டின தரை.”

மறுபடி பச்சை வண்டி முன்னால், ஸ்கூட்டர் பின்னால். எஞ்சின் உறுமி வண்டியின் வேகத்தை அடக்கிக் கூட்டிப்போனது. இன்னும் ஐந்து வளைவு. வாடை இல்லை. பெடல் கல்லாட்டம் நின்றது. ஓரம் கட்டியதும் தணிகாசலம் முதல் வேலையாகத் தன் காலைப் பார்த்தார். அது தரையில் இருந்தது.

வேதவல்லி கையை விரித்தாள். ஏழு கொட்டைகள்.

“ஏழு தடவை எரிஞ்சுது” என்றாள். “ஏழு தடவையும் அணைஞ்சுது.”

அவள் வண்டியைச் சுற்றி வந்து இடதுபக்கக் கதவருகே நின்றாள்.

“பிலோமி, நீ சொல்லணும். ஏறலாமா?”

பிலோமினா முன்சக்கரத்தின்மேல் உள்ளங்கையை வைத்தாள். வைத்தபடியே நின்றாள். வேதவல்லி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை சுட்டு விலகவில்லை.

வேதவல்லி கதவைத் திறந்தாள். உர மூட்டையின் கயிற்றை அவிழ்த்து, “நீ பின்னாடி போ” என்று அதனிடம் சொல்லி, பிலோமினாவோடு சேர்ந்து தூக்கி வண்டியின் பின்தொட்டியில் போட்டாள். சேலையை ஒதுக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். ஏழு கொட்டையையும் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

தணிகாசலத்துக்கு அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கக்கூடத் தைரியம் வரவில்லை. எஞ்சினைக் கிளப்பினார். பிலோமினாவை ஜன்னலருகே வரச் சொல்லி, மனைவிக்குக் கேட்காதபடி கேட்டார்.

“மூட்டை வேற, இவ வேற. இவ ஏறினதுமே கால் தானா பெடலுக்குப் போயிடுச்சு, பாரு. இதுக்கு என்ன பண்றது, குருவே?”

பிலோமினா அவருடைய காலைப் பார்க்கவில்லை. அவரைத் தாண்டி அந்தப் பக்கம் பார்த்தாள்.

“அம்மா காலைப் பாருங்க சார்.”

அவர் திரும்பினார். வேதவல்லி எதிரே மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய வலது கால் வண்டியின் தரையை, விரல்கள் வெளுத்துப்போகும்படி, அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது.

“அங்க பெடலே கிடையாது” என்றாள் பிலோமினா. “முதல்ல நீங்க எடுங்க சார்.”