தோப்பில் விழுந்ததெல்லாம்

கள்ளிவிளைத் தோப்பு முதலாளி அருணகிரிக்கு ஒரே சட்டம்தான். தோப்பில் எது விழுந்தாலும் அது அவருக்கே சொந்தம். தேங்காய், மட்டை, பக்கத்து வீட்டுப் பந்து, எல்லாம்!

அன்றைக்கு விழுந்தது பாலிடெக்னிக் பிள்ளைகள் விட்ட முழ நீள ராக்கெட். மறுநாள் போட்டிக்கு அவர்களிடம் வேறு இல்லை. தேடி வந்தாள் அவர்களில் ஒருத்தியான ஜெபராணி. ராக்கெட்டுக்குள் இருந்த கருவி 'பீப் பீப்' என்று கத்துவது அவள் கையிலிருந்த வாக்கி டாக்கியில் கேட்டது.

"ராக்கெட்டா? இங்க ஒண்ணும் விழலையே, பிள்ளே!" என்றார் முதலாளி, விறைப்பாக நின்றபடி. "வேணும்னா கண்டுபிடிச்சு எடுத்துக்கோ. ஆனா நின்ன இடத்த விட்டு ஒரு அடி நகரக் கூடாது!"

வேலையாட்கள் சிரித்தார்கள்.

ஜெபராணி வாக்கி டாக்கியை நெஞ்சோடு அணைத்து, நின்ற இடத்திலேயே சுற்றினாள். ராக்கெட் முதுகுப் பக்கம் வந்தால் உடம்பு மறைத்துச் சத்தம் அமுங்கும். முதலாளிக்கு முதுகு காட்டியபோது அமுங்கியது. ஆனால் அவருக்குப் பின்னால் முழுத் தோப்பும் கிடந்ததே!

"முதலாளி, நீங்க நடந்தா யானை அசைஞ்ச மாதிரி இருக்குமாமே? கொஞ்சம் நடந்து காட்டுங்களேன்."

முதலாளி குளிர்ந்துபோய்க் கிணற்றடிக்கு நடந்தார். ஜெபராணி நின்றபடியே மறுபடி சுற்றிப் பார்த்தாள்; பீப் வரும் திசையும் கிணற்றடிக்குப் போயிருந்தது. மாட்டுக்கொட்டிலுக்கு நடந்தார். பீப்பும் கூடவே போனது. பெருமையோடு அவளிடமே வந்து, இன்னொரு நடைக்குத் திரும்பினார். சட்டைக்குப் பின்னால் ராக்கெட்டின் பாராசூட் கயிறு தொங்கியது.

ஜெபராணி சுண்டி இழுத்தாள். ராக்கெட் கைக்கு வந்தது. அதைச் செருகியிருந்த வேட்டி தரைக்கு வந்தது.

"தோப்புல விழுந்தது உங்களுக்குத்தானே, முதலாளி? எடுத்துக்கிடுங்க!"