அரசர் கண்ணுக்கு அகப்படாத அணில்

காடு ஊருக்குள்ளும் ஊர் காட்டுக்குள்ளும் கால் நீட்டிப் படுத்திருந்த காலம் அது. அந்தக் காலத்தில் கொன்றைமலை அடிவாரத்தில் வேங்கைவேள் என்று ஓர் அரசர் இருந்தார். நல்லவர்தான். சொன்ன சொல் தவறமாட்டார், பசி என்று வந்தவரைச் சும்மா அனுப்பமாட்டார், ஏன் எதற்கு என்று கேட்காமல் எதையும் விடவும் மாட்டார். எறும்பு எங்கே போகிறது, இடி எங்கிருந்து வருகிறது, பாகற்காய் ஏன் கசக்கிறது, இப்படி நாள் முழுக்கக் கேள்விதான்.

பாவம், கேட்கத்தான் முடிந்ததே தவிர, கண்ணால் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. மான் என்றால் தோலைத்தான் பார்த்திருக்கிறார். மயில் என்றால் தோகையைத்தான் பார்த்திருக்கிறார். முயல் என்றால் குழம்பைத்தான் பார்த்திருக்கிறார்.

காரணம் என்ன என்கிறீர்களா? கட்டியக்காரன் கரியான்தான் காரணம். அரசர் ஓரடி எடுத்து வைத்தால் போதும், அவன் பத்தடி முன்னால் நின்று, "கொன்றைமலைக் காவலர் வருகிறார், வேங்கைக்கொடி வேந்தர் வருகிறார், பராக், பராக்" என்று முழங்குவான். அவனுக்குப் பின்னால் முரசு, முரசுக்குப் பின்னால் கொம்பு. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். இங்கே மணியோசையே யானை அளவு இருந்தது. அரசர் குளித்துவிட்டு வந்தால்கூட இதே முழக்கம்தான். கேட்டுக் கேட்டு அவருக்குப் பழகிப்போய்விட்டது.

இப்படி இருக்கையில் ஒருநாள் அரண்மனைத் தோட்டத்தில் ஒரு வழக்கு முளைத்தது. அங்கே ஒரே ஒரு தேன்பலா மரம். அதன் பழம் அரசர் பந்திக்கு மட்டும்தான் போகும். அந்தப் பழங்களில் யாரோ ஓட்டை போட்டுச் சுளையைத் தின்றுவிட்டுப் போகிறார்கள். தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவள் மாராயி. வெளியூரிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு பிழைக்க வந்தவள். அவளைச் சபைக்கு இழுத்து வந்து நிறுத்தினார்கள்.

"பழம் என்ன ஆயிற்று?" என்று கேட்டார் அமைச்சர்.

"பெரிய அணில் ஒண்ணு வருதுங்க சாமி. பூனை கணக்கா இருக்கும். அதுதான் தின்னுட்டுப் போவுது."

"முதுகில் எத்தனை கோடு?"

"கோடே இல்லைங்க."

சபை சிரித்தது. "இராமபிரான் தடவிக்கொடுக்காத அணிலும் உண்டோ? திருடினாய், சரி. பொய்யையாவது பொருத்தமாகச் சொல்லக்கூடாதா?" என்றார் அமைச்சர். அரண்மனைப் பொருளைத் தொட்டவர் குடும்பத்தோடு நாட்டின் எல்லையைத் தாண்ட வேண்டும் என்பது அங்கே சட்டம். மாராயியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளைகள் இரண்டும் அழ ஆரம்பித்தன.

வேங்கைவேளுக்கு மனம் கேட்கவில்லை. அதைவிட, உண்மையைச் சொல்லவேண்டும் என்றால், அந்த அணிலைப் பார்க்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது போலிருந்தது. "மூன்று நாள் நானே தோட்டத்தில் இருந்து பார்க்கிறேன். அணிலைக் கண்டால் இவள் இங்கேயே இருக்கட்டும். காணாவிட்டால் சட்டப்படி போகட்டும்" என்று தீர்ப்புச் சொன்னார்.

முதல் நாள் அரசர் தோட்டத்துக்குப் புறப்பட்டார். கரியான் முழங்கினான், முரசு அதிர்ந்தது, கொம்பு ஊதியது. மரத்தடியில் சிம்மாசனம் போட்டார்கள். அரசர் கழுத்து வலிக்க வலிக்க அண்ணாந்து பார்த்தார். இலை தெரிந்தது, காய் தெரிந்தது, ஒரு கிளையின் மேல் கருஞ்சிவப்பாக ஏதோ ஒரு முடிச்சு தெரிந்தது. அணில் தெரியவில்லை.

இரண்டாம் நாள் அரசர் கொஞ்சம் யோசித்தார். கரியானையும் கூட்டத்தையும் மதிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, குடை பிடிக்க ஒருவன், விசிற ஒருவன் என்று இரண்டு பேரோடு உள்ளே வந்தார். காலில் வீரக்கழல் கலீர் கலீர் என்றது. அதே இலை, அதே காய், அதே கருஞ்சிவப்பு முடிச்சு. பொழுது உச்சிக்கு ஏறியது. பலாப்பிசின் வாடையோ என்னவோ, அரசருக்கு ஒரு தும்மல் வந்தது. அவ்வளவுதான். மதிலுக்கு வெளியே இருந்து கரியான், "மன்னருக்கு ஆயுசு நூறு" என்று ஒரு முழக்கம் போட, முரசும் கொம்பும் சேர்ந்துகொண்டன. தோட்டத்தில் இருந்த காக்கை குருவியெல்லாம் பறந்தே போய்விட்டன. அணில் தெரியவில்லை.

அன்று மாலை மாராயி தன் சட்டி பானைகளை மூட்டை கட்டத் தொடங்கினாள். அதை அரசர் போகிற வழியில் பார்த்தார்.

மூன்றாம் நாள் விடிந்ததும் வேங்கைவேள் கிரீடத்தைக் கழற்றினார், கழலைக் கழற்றினார், பட்டாடையையும் கழற்றிவிட்டு ஒரு பழைய வேட்டியைக் கட்டிக்கொண்டார். யாருக்கும் சொல்லாமல் பின்வாசல் வழியாக வந்து, மரத்தடியில் சருகின் மேல் உட்கார்ந்தார். சிறுவயதுக்குப் பிறகு அவர் தரையில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். எறும்பு கடித்தது, பொறுத்துக்கொண்டார். கால் மரத்தது, பொறுத்துக்கொண்டார். தும்மல் வந்தது, மூக்கைப் பிடித்து அதையும் பொறுத்துக்கொண்டார்.

வெயில் ஏறியது. மேலே அதே கருஞ்சிவப்பு முடிச்சு. அரசர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பார்க்க அந்த முடிச்சுக்கு ஒரு காது முளைத்தது. பிறகு ஒரு கண் முளைத்தது. பிறகு முழ நீளத்துக்கு ஒரு வாலும் முளைத்தது.

அடேயப்பா, அணிலா அது! மாராயி சொன்னபடி பூனை அளவு இருந்தது. முதுகெல்லாம் கருஞ்சிவப்பு, வயிறு பாலாடை நிறம், கோடு மருந்துக்கும் கிடையாது. பின்னங்கால் இரண்டையும் கிளையில் மாட்டிக்கொண்டு தலைகீழாகத் தொங்கியது. பலாப்பழத்துக்குள் கையை விட்டு ஒரு சுளையை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிதானமாகத் தின்றது. தின்று முடித்துக் கொட்டையைக் கீழே போட்டது. அது அரசரின் மொட்டைத் தலையில் பொத்தென்று விழுந்தது. அவருக்கு வந்த சந்தோஷத்தில் கண்ணில் நீரே வந்துவிட்டது. அப்போதும் அசையவில்லை.

அணில் மலைப்பக்கம் தாவிப் போன பிறகுதான் எழுந்தார். நேராகக் கிணற்றடிக்குப் போனார். தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த மாராயி பதறிப்போய்க் கும்பிட்டாள்.

"பார்த்துவிட்டேன் மாராயி. மூட்டையை அவிழ். நீ எங்கும் போக வேண்டாம்."

அவள் கயிற்றை விட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்து அழுதாள். அரசருக்கோ கேள்வி அடங்கவில்லை.

"மூன்று நாளும் அது அங்கேயேவா இருந்தது?"

"அங்கேயேதாங்க இருந்தது. சத்தம் கேட்டா அது ஓடாதுங்க சாமி. மரத்தோட மரமா ஒட்டிக்கும். சத்தம் போற வரைக்கும் மூச்சுக்கூட விடாது."

அரசர் திரும்பி மரத்தைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "உனக்கு எந்த ஊர்?"

"ஆலம்பட்டிங்க."

"ஆலம்பட்டியா? போன தையில் அங்கே வந்திருந்தேனே. தோரணம் கட்டி, எல்லாரும் சிரித்த முகமாக நின்றீர்கள். ஒரு குறை சொல்லவில்லையே. அப்புறம் ஏன் ஊரைவிட்டு வந்தாய்?"

மாராயி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு கணம் பார்த்தாள். எதிரே நின்றவர் வேட்டியில் சருகு ஒட்டியிருந்தது.

"ஏரி மடை உடைஞ்சு வயலெல்லாம் காய்ஞ்சு கிடந்ததுங்க. நீங்க வர்றீங்கன்னு முரசு கேட்டதும், உடைப்பைத் தழையால மூடச் சொன்னாங்க. மூடிட்டு, நாங்களும் ஒட்டிக்கிட்டுத்தான் நின்னோம் சாமி."

வேங்கைவேள் அன்று மதியம் சாப்பிடவில்லை. தன் நாட்டில் குறையே இல்லை என்று எத்தனை சபையில் மார்தட்டியிருக்கிறோம் என்று நினைத்து நினைத்து வெட்கப்பட்டார்.

மறுநாள் அதே பழைய வேட்டியோடு ஆலம்பட்டிக்கு நடந்தே போனார். ஏரிக்கரையில், உடைந்த மடைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். தான் யார் என்பதை மெதுவாகச் சொன்னார். முதலில் யாரும் கிட்டே வரவில்லை. அவர் காத்திருந்தார். உச்சிப் பொழுதில் ஒருவன் வந்து வாயைத் திறந்தான். அதற்குப் பிறகு பொழுது சாயும்வரை ஊர் வாயை மூடவில்லை. அடுத்த மழைக்கு முன்னால் மடை கட்டி முடிந்தது.

கரியானை என்ன செய்தார் என்கிறீர்களா? அவன் குரலைப் பாழாக்குவானேன்? தினைப்புனத்தில் கிளி விரட்ட அனுப்பிவிட்டார். அந்த வருஷம் ஒரு கதிரைக்கூடக் கிளி தொடவில்லை. தேன்பலாவில் மட்டும் யாரையும் விரட்டக்கூடாது என்று உத்தரவு. பழத்தில் பாதி அரசருக்கு, பாதி அணிலுக்கு.

ஆகையால் கேட்டுக்கொள்ளுங்கள்: அதிர நடக்கிறவன் கண்ணுக்கு அணிலும் அகப்படாது, அடுத்தவர் குறையும் அகப்படாது.