கடைசி அறையில் இருப்பது

திண்டுக்கல்லில், பழைய நூல் கிடங்கு ஒன்றின் மாடியில், ஆசான் ஒருவர் ஆட்டங்கள் கட்டிக்கொண்டிருந்தார். பெயர் செவ்வந்தி. வயது முப்பத்தாறு. அவரிடம் கற்க வந்தவர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள்.

அவர் கட்டியவை துப்பறியும் ஆட்டங்கள். ஆறு பேர் உள்ளே போவார்கள். அறை அறையாகத் தேடி, தடயங்களைச் சேர்த்து, என்ன நடந்தது என்று கண்டுபிடிப்பார்கள். ஒரு ஆட்டத்தை ஒருவர் ஒரே ஒரு தடவைதான் ஆட முடியும். முடிவு தெரிந்துவிட்டால் அவ்வளவுதான். அதன்பின் அவருக்கு அவை வெறும் சாமான் அறைகள்.

இந்த ஆட்டங்களின்மேல் பைத்தியமாக இருந்தவர்கள் சேர்ந்து செல்போனில் ஒரு குழு வைத்திருந்தார்கள். முந்நூறு பேருக்கு மேல். எதை வேண்டுமானாலும் பேசுவார்கள், முடிவைத் தவிர. ஆடிவிட்டு வந்தவர் ஆடாதவரைப் பார்த்துச் சிரிப்பதோடு சரி.

குழுவைக் கவனித்துக்கொண்டவர் சவரிமுத்து. மின்வாரியத்தில் வேலை. ஐம்பத்து நான்கு வயது. ஆறு வருடமாக ஆசானிடம் ஆட்டம் கட்டக் கற்றுக்கொண்டிருந்தார். பூட்டை எங்கே வைப்பது, விளக்கை எப்போது அணைப்பது, எந்தச் சத்தம் எந்தச் சுவருக்குப் பின்னாலிருந்து வரவேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

அந்த வாரம் முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை.

புதிய ஆட்டத்தின் முடிவை யாரோ வெளியே போட்டு உடைத்துவிட்டார்கள். ஊர்க்காரர்கள் கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் இணையப் பக்கம் ஒன்றில் அது வந்திருந்தது. எழுதியவர் 'வழிப்போக்கன்' என்று பெயர் வைத்திருந்தார். அரை மணி நேரத்தில் அழித்தும்விட்டார். அதற்குள் ஒருவன் அதைப் படம்பிடித்து நாலு பேருக்கு அனுப்ப, ஊரெல்லாம் பரவிவிட்டது.

பதினோரு மாதம் கட்டிய ஆட்டம். திறந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது.

குழு கொதித்தது. "இதை எழுதினவன் நம்மள்ல ஒருத்தன்தான். உள்ள போயிட்டு வந்தவனாலதான் இப்படி எழுத முடியும்" என்று பிரதீபன் எழுதினான். கணினி வேலை பார்ப்பவன். எதையும் தோண்டாமல் விடமாட்டான். "ஆளை நான் கண்டுபிடிக்கிறேன். சவரி அண்ணே, நீங்க விதியை எழுதுங்க. வெளிய வாயைத் திறந்தா வெளியதான்."

"நம்ம குழுவுக்குள்ள பேசறதுக்கு விதி போடலாம். வேற எங்கயோ ஒருத்தர் எழுதறதைத் தடுக்க நாம யாரு?" என்று ஒருவர் கேட்டார். அவர்மேல் எல்லாரும் பாய்ந்தார்கள்.

"சரி தம்பி, எழுதறேன்" என்று சவரிமுத்து பதில் போட்டார். போனைக் கவிழ்த்து வைத்தார்.

வழிப்போக்கன் அவர்தான்.

நடந்தது இதுதான். அந்தப் பக்கத்தில் ஒரு பெண் கேட்டிருந்தாள். "தங்கச்சி எனக்குத் தெரியாம இந்த ஆட்டத்துக்கு டிக்கெட் எடுத்துட்டா. இதுல குழந்தைக்கு ஏதாவது ஆகுமா? தயவுசெஞ்சு யாராவது சொல்லுங்க. விளையாட்டுக்குக் கேக்கல."

அதற்குக் கீழே ஏழு பதில்கள். ஆடித் தெரிந்துகொள்ளுங்கள் என்றது ஒன்று. பயமாக இருந்தால் வீட்டிலேயே இருங்கள் என்றது இன்னொன்று. மற்றவை சிரிப்புப் படங்கள்.

அந்தக் கடைசி வரியை சவரிமுத்து மூன்று தடவை படித்தார். அவளுக்கு மட்டும் தனியாக எழுத வழியிருக்கிறதா என்று தேடினார். அந்தப் பக்கத்தில் இல்லை. அலுவலகத்தில் டீ வந்தது. குடிக்காமல் எழுதினார்.

"கடைசி அறையில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. குழந்தையின் செருப்பு அதில் மிதக்கும். விளக்கு அணைந்ததும் குழந்தை சிரிக்கிற சத்தம் வரும். குழந்தை மூழ்கிப் போனதுதான் முடிவு. பார்த்துப் போங்கம்மா."

அவள் படித்தாளா இல்லையா என்பது அவருக்குத் தெரியாது. மற்றவர்கள் படித்தார்கள்.

புதன்கிழமை பிரதீபன் ஒரு பெயரோடு வந்தான். "பார்த்துப் போங்கன்னு நம்ம குழுவுல எப்பவும் எழுதறது யாரு? லோகாம்பாள் அக்கா."

லோகாம்பாள் ஒரு கிளினிக்கில் நர்ஸ். யார் எங்கே கிளம்பினாலும் அப்படி எழுதுவது அவர் வழக்கம். அன்று மத்தியானத்துக்குள் அவர் படம் சுற்றத் தொடங்கியது. யாரோ கிளினிக்குக்கே போன் போட்டுத் திட்டினார்கள். "நான் இல்ல. சத்தியமா நான் இல்ல" என்று எழுதிவிட்டு அவர் குழுவை விட்டுப் போனார். போனதே குற்றத்தை ஒப்புக்கொண்டதுபோல என்றார்கள்.

சவரிமுத்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'நான்தான்' என்று எழுதினார். அழித்தார். மறுபடி எழுதினார். மறுபடி அழித்தார். தெருவில் பைக் சத்தம் கேட்டால்கூட எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். பிரதீபன் வந்துவிட்டான் என்று தோன்றியது. மனைவி கேட்டதற்கு, அலுவலகத்தில் பிரச்சினை என்றார்.

சனிக்கிழமை காலை, விதியை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு கிடங்கின் மாடி ஏறினார்.

செவ்வந்தி தொட்டிக்குக் குழாய் போட்டுத் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தார்.

"வாங்க சார். இன்னிக்கு ஒரே ஒரு ஆட்டம்தான். மிச்ச நாலுக்கும் டிக்கெட் எடுத்தவங்க வேணாம்னுட்டாங்க."

சவரிமுத்துவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு தாளை நீட்டினார்.

"ஆசான், குழு கேட்கச் சொல்லுது. வெளிய எங்கயும் பேசக்கூடாதுன்னு விதி போடலாமா?"

செவ்வந்தி தாளை வாங்கவில்லை. கை ஈரமாக இருந்தது.

"பதினொரு மணி ஆட்டத்துக்குக் கடைசிக் கதவுகிட்ட நில்லுங்க. முடிஞ்சப்புறம் கேளுங்க."

கடைசிக் கதவுக்கு முன்னால் ஒரு குறுகலான நடை. இரண்டு பக்கமும் கறுப்புத் துணி. ஒரே ஒரு சிவப்பு பல்பு. கட்டும்போது எத்தனையோ தடவை அங்கே நின்றிருக்கிறார். அன்றைக்கு அந்தத் துணி தன்மேல் சாய்வதுபோல இருந்தது.

மூன்றாவது அறை திறந்தது. ஆறு பேர் நடைக்குள் வந்தார்கள். பயத்தை மறைக்கிற சிரிப்பு. நாலு பேர் அவரைத் தாண்டி உள்ளே போனார்கள். ஐந்தாவதாக வந்த பெண், கூட வந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டு தயங்கினாள்.

"அக்கா, நீ இங்கயே இரு. நான் பார்த்துட்டு வந்துர்றேன்."

கதவு மூடிக்கொண்டது. அக்கா வெளியே நின்றாள். நாற்பது வயதிருக்கும். நூல் புடவை.

"இந்தக் கதவுதானா?"

"ஆமாம்மா."

"தொட்டி நேரா இருக்கா, பக்கத்துலயா?"

அவள் யார் என்று சவரிமுத்துவுக்குப் புரிந்தது.

"இடது பக்கம்."

"ஆழமா?"

"இல்லம்மா. முழங்கால் அளவுதான்."

"அவ்வளவு தண்ணி போதும்" என்றாள்.

அவர் சுவரில் கை வைத்துக்கொண்டார்.

"எனக்கு முன்னாடியே தெரியும்" என்றாள் அவள். "யாரோ ஒரு புண்ணியவான் எழுதியிருந்தாரு. அதைப் படிக்காம உள்ள போயிருந்தா…" அந்த வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை.

"தெரிஞ்சும் ஏம்மா வந்தீங்க?"

"ரெண்டு வருஷமா வீட்டுல ஒரு வாளி தண்ணி புடிச்சு வைக்க முடியலீங்க. வச்சா, அதையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கேன். போறதுக்கு முன்னாடியே தண்ணி எங்க இருக்குன்னு தெரிஞ்ச இடம் இது ஒண்ணுதான். வாசல் வரைக்கும் வந்து பார்ப்போம்னு வந்தேன்."

உள்ளே விளக்கு அணைந்தது. கதவு இடுக்கில் தெரிந்த வெளிச்சக்கோடு மறைந்தது. ஒரு குழந்தை சிரித்தது.

அந்தச் சத்தத்தைத் தேர்ந்தெடுத்தவர் சவரிமுத்து. முப்பது சிரிப்புகளைக் கேட்டு இதுதான் சரி என்று சொல்லி, எவ்வளவு சத்தமாக வைப்பது என்று ஒரு வாரம் கூட்டிக் குறைத்துப் பார்த்தவர். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று ஒருமுறைகூட அதைக் கேட்டதில்லை.

அவள் கை அவர் மணிக்கட்டைப் பற்றியது. நகம் பதிந்தது. அவர் அசையவில்லை. அவள் உதடு எண்ணிக்கொண்டிருந்தது. சிரிப்பு சுவருக்குச் சுவர் ஓடியது. உள்ளே யாரோ அலறினார்கள். ஒரு நிமிடம்தான் அது. அவருக்குத் தெரியும், அவர்தான் நேரம் குறித்தவர். ஆனாலும் இது முடியாது, இன்றைக்கு எங்கேயோ பிசகிவிட்டது, இந்தச் சிரிப்பு இனி நிற்காது என்று அவர் நெஞ்சு அடித்துக்கொண்டது.

விளக்கு வந்தது.

அவள் மணிக்கட்டை விட்டாள். தாழ்ப்பாளை அவளே நீக்கினாள். தங்கை கண்ணெல்லாம் நனைந்து வெளியே வந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள். அக்கா அவள் தோளுக்கு மேலாக, திறந்த கதவு வழியே, இடது பக்கம் ஒரு நொடி பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

படி இறங்கும்முன் கேட்டாள்.

"எழுதினவரைத் தேடறாங்களாமே. கிடைச்சா என்ன பண்ணுவாங்க?"

சவரிமுத்து கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

எல்லாரும் போனபின் அவர் கடைசி அறைக்குள் போனார். செவ்வந்தி தொட்டியிலிருந்து செருப்பை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆசான், நான்தான் எழுதினேன்."

செவ்வந்தியின் கை நின்றது. அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. தொட்டியின் விளிம்பில் மெல்ல உட்கார்ந்தார்.

"நீங்களா?"

"இப்ப வந்துட்டுப் போன அந்த அம்மாவுக்காக. அவங்க ஒருத்தங்களுக்கு மட்டும் சொல்ல நினைச்சேன். வழி தெரியல. எல்லாரும் பார்க்கிற இடத்துல எழுதிட்டேன்."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"தோணல."

"பதினோரு மாசம், சார்."

"தெரியும்."

"எனக்குக் கோபம் வருது" என்றார் செவ்வந்தி. குரல் உயரவில்லை. "அதுவாவது ஏதோ அவசரத்துல எழுதினது. அந்த நர்ஸம்மாவைப் போட்டுத் திட்டினாங்களே, அந்த மூணு நாள் எதுக்கு சும்மா இருந்தீங்க?"

"பயம்."

"யாரைப் பார்த்து? பிரதீபனையா?"

"உங்களைப் பார்த்து, ஆசான்."

குழாயிலிருந்து சொட்டு விழுந்துகொண்டிருந்தது. செவ்வந்தி எழுந்துபோய் அதை இறுக்கி மூடினார்.

"முதல்ல அதை முடிங்க."

சவரிமுத்து போனை எடுத்தார். நாலு தடவை தப்பாக அடித்தார். 'வழிப்போக்கன் நான்தான். லோகாம்பாளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சவரிமுத்து.' அனுப்பினார். பிறகு போன் கையில் துடிக்கத் தொடங்கியது. நீயா, நீயா அண்ணே, உன்னையா நம்பினோம், எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு விதி எழுதின… படிக்கப் படிக்க வந்துகொண்டே இருந்தது. அவர் லோகாம்பாளைக் கூப்பிட்டார். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டார். எடுக்கவில்லை.

"எடுக்கமாட்டேங்கறாங்க."

"எடுக்கிற வரைக்கும் கூப்பிடுங்க. இன்னிக்கு இல்லைன்னா நாளைக்கு."

செவ்வந்தி கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கிப் படித்தார். 'ஆட்டத்தில் என்ன நடக்கிறது என்பதைக் குழுவுக்கு வெளியே, எங்கும், யாரிடமும் சொல்லக்கூடாது. சொல்பவர் நீக்கப்படுவார்.'

"இப்ப கேக்கறேன், ஆசான். இதைப் போடலாமா?"

"போடுங்க."

சவரிமுத்து திகைத்தார். அந்தப் பெண்ணைப் பார்த்தபிறகும் இப்படிச் சொல்வார் என்று அவர் நினைக்கவில்லை.

"அப்படின்னா முதல்ல நீக்க வேண்டிய ஆள் நான்தான்."

"ஆமா, சார்."

அவர் போனை எடுத்தார். ஆறு வருடம் கவனித்துக்கொண்ட குழு. விதியைப் போட்டு, பொறுப்பைப் பிரதீபனுக்கு மாற்றிவிட்டு வெளியேறினார். துடிப்பு நின்றது. அந்த அமைதி வசவைவிடப் பயமாக இருந்தது.

தாளைத் திரும்ப வாங்கி மடித்துப் பைக்குள் வைக்கப் போனார். செவ்வந்தி தடுத்தார். அதைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தை மேலே வைத்து, பேனாவை நீட்டினார்.

"பின்பக்கம் எழுதுங்க. 'உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சாத்தான் வரமுடியும்னு இருக்கறவங்க இந்த நம்பருக்குக் கூப்பிடலாம். அவங்க ஒருத்தங்களுக்கு மட்டும் சொல்லுவோம்.' எழுதிட்டு நம்பரைப் போடுங்க. கீழ டிக்கெட் குடுக்கற இடத்துல ரெண்டு பக்கமும் தெரியற மாதிரி தொங்கவிடணும்."

அவர் சொன்னதை எழுதினார். நம்பர் வரவேண்டிய இடத்தில் பேனா நின்றது.

"யாரு நம்பர், ஆசான்?"

"உங்க நம்பர்தான்."

"என்னைத்தான் குழுவுல இருந்து எடுத்தாச்சே."

செவ்வந்தி செருப்பைத் தண்ணீரில் மறுபடி விட்டார். அது கொஞ்சம் ஆடிவிட்டு நின்றது.

"பயந்துக்கிட்டுக் கூப்பிடறவங்களுக்குப் பதில் சொல்லக் குழுவுல இருக்கணும்னு இல்லையே, சார்."