கட்டுக்கல்

ஏரியின் வடகரைத் துறையைத் திறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. இதுவரை ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. துறைக்குப் பொறுப்பாக இருந்த செங்கோடர் தினமும் படிக்கட்டில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்ப்பதற்கு அங்கே வேறு எதுவும் இல்லை.

அவர் தென்கரை மடத்துச் சீடர். மனைவி போன பிறகு, இனி யார் பேச்சும் வேண்டாம் என்று மடத்துக்கு வந்தவர். மடத்தின் குரு நாச்சியம்மை அவரைவிட மிகவும் சின்னவர். மகள் வயதுக்காரியிடம் போய் உபதேசமா என்று சொந்தக்காரர்கள் கேலி செய்தார்கள். செங்கோடர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்தச் சமயத்தில்தான் வடகரைக் குயவர்கள் மடத்துக்கு வந்து நின்றார்கள். வெள்ளத்தில் துறை இடிந்ததிலிருந்து பானைகளை மலையைச் சுற்றும் வண்டிப்பாதையில்தான் சந்தைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அதைப் பாதை என்று சொல்வதற்கே பெரிய மனசு வேண்டும். ஏற்றிய பானையில் பாதி ஓடாகத்தான் போய்ச் சேரும். குயவர் தெருவில் பாதி வீடு அதற்குள் பூட்டிக் கிடந்தது.

நாச்சியம்மை செங்கோடரைக் கூப்பிட்டார்.

"வடகரைத் துறையத் திறங்க. தோணி வரணும்."

அவ்வளவுதான் சொன்னார்.

சத்தம் வேண்டாமென்று வந்தவனுக்குச் சந்தைக்கடை வேலையா என்று செங்கோடருக்கு உள்ளுக்குள் வருத்தம். ஆனால் வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. குயவர்களோடு சேர்ந்து வண்டலை வாரினார். சரிந்த படிகளை நிமிர்த்தினார். சேற்றுக்குள் பழைய கட்டுக்கல் கிடைத்தது. தோணியின் கயிற்றைக் கட்டுவதற்காக அந்தக் காலத்தில் நட்ட இடுப்புயரக் கருங்கல். அதைக் கழுவி, படிக்கட்டின் தலையில் மறுபடியும் நட்டார்.

குரு கொடுத்த வேலை அவருக்குப் பூஜை மாதிரி. விடியும் முன்னே படிகளைப் பெருக்குவார். கோலம் போடுவார். கட்டுக்கல்லைக் குளிப்பாட்டி, எண்ணெய் தடவி, மஞ்சள் பூசி, செவ்வரளி மாலை ஒன்று கட்டிப் போடுவார். போகப்போக, சொன்னால் சிரிப்பீர்கள், அதனோடு பேசவும் ஆரம்பித்துவிட்டார். மனைவியைப் பற்றி மடத்தில்கூட யாரிடமும் சொல்லாததையெல்லாம் அந்தக் கல்லிடம் சொன்னார்.

தோணிகள் போகாமல் இல்லை. மஞ்சளும் புளியும் கருவாடும் ஏற்றிக்கொண்டு நடு ஏரியில் தினமும் போயின. வடகரைக்கு நேரே வந்ததும் துடுப்பு நின்றுவிடும். தோணிக்காரர்கள் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, இந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடுவார்கள். செங்கோடரும் எழுந்து நின்று கும்பிடுவார். கத்திக் கூப்பிடுவது மடத்து வழக்கம் இல்லை. தோணிகள் மெதுவாகத் தாண்டிப் போய்விடும்.

எவ்வளவு மரியாதை! ஆனால் பக்கத்தில் வந்து ஒரு வார்த்தை பேச ஒருவரும் இல்லை. சாயங்காலமானால் கல்லின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். தனிமை வேண்டுமென்று தேடி வந்தவர், இப்போது அதைக் கண்டு பயந்தார்.

ஒருநாள் குயவர் தெருச் சீனியம்மாள் வந்து, எட்ட நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டு சொன்னாள்.

"சாமி, சூளையில இப்ப இருக்கறதுதான் கடைசி. சக்கரத்த வண்டியில ஏத்தியாச்சு. வர்ற வெள்ளிக்கிழம நாங்க எல்லாரும் செங்கல் சூளைக்குக் கூலி வேலைக்குக் கிளம்புறோம்."

"இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாமே."

"நீங்களும் பாத்துக்கிட்டுத்தானே சாமி இருக்கீங்க."

செங்கோடர் அன்றே வண்டிப்பாதையில் போன ஆட்டுக்காரர் ஒருவரிடம் மடத்துக்குச் சேதி சொல்லி அனுப்பினார். 'என்னால் ஆகவில்லை. திரும்பி வந்துவிடட்டுமா?'

பதில் வரவில்லை. நாச்சியம்மையே வந்துவிட்டார், தோணியில்.

தோணி கரைக்குக் கொஞ்ச தூரத்திலேயே நின்றது. ஓட்டி வந்த இசக்கி கழியை ஊன்றிக்கொண்டு அசையாமல் நின்றான். தலைத்துண்டு இடுப்புக்கு இறங்கியிருந்தது.

"கரைக்கு விடுப்பா," என்றார் அம்மை.

"நீங்க மட்டும் எறங்கிக்கோங்கம்மா. நான் இங்கனயே நிக்கேன்."

அம்மை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி நடந்து வந்தார். செங்கோடர் படியிலேயே விழுந்து வணங்கினார். எழும்போது கண் கலங்கியிருந்தது.

"அம்மா, எல்லாரும் கும்பிடுறாங்க. யாரும் வர மாட்டேங்கறாங்க. நான் என்ன தப்பு செஞ்சேன்?"

அம்மை படிகளைப் பார்த்தார். கோலத்தைப் பார்த்தார். கல்லையும் மாலையையும் பார்த்தார். பிறகு தோணிப்பக்கம் திரும்பினார்.

"இசக்கி, இது என்ன சாமி?"

"பேரு தெரியலம்மா. துறைச்சாமின்னு நாங்களா ஒரு பேரு வச்சுக்கிட்டோம். துறையத் திறந்துட்டாகன்னு சேதி வந்துச்சு. ஆசையா வந்தோம். வந்து பாத்தா கோயிலா இருக்கு! பூசாரி வேற இருக்காரு. இதுல கொண்டாந்து கருவாட்டுக் கூடைய எறக்க முடியுமா, சொல்லுங்க."

"அது கட்டுக்கல்லுய்யா! கயிறு கட்டுற கல்லு!"

கத்தியது தான்தான் என்று செங்கோடருக்கே சற்றுப் பொறுத்துத்தான் உறைத்தது.

"அப்படிச் சொல்லாதீங்க சாமி," இசக்கி பதறினான். "எம் பொஞ்சாதி பேறுகாலத்துக்கு இந்தச் சாமிக்குத்தான் நேந்துக்கிட்டேன். நல்லபடியா பொண்ணு பொறந்துச்சு."

செங்கோடருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. திருதிருவென்று விழித்தார்.

அம்மை மறுபடியும் தண்ணீரில் இறங்கினார். தோணியின் மூக்கில் சுருட்டிக் கிடந்த கயிற்றை எடுத்து, இழுத்துக்கொண்டே படியேறினார். கயிற்றில் சேறும் கருவாட்டு நாற்றமும் சொட்டின. அதன் நுனியைச் செங்கோடரிடம் நீட்டினார்.

"கட்டுங்க."

"வேண்டாம்மா!" என்றான் இசக்கி.

செங்கோடர் கயிற்றை வாங்கினார். கை அதற்கு மேல் போகவில்லை. காலையில்தான் மஞ்சள் பூசியிருந்தார். மாலையில் ஒரு பூகூட வாடவில்லை. இத்தனை நாளும் அவர் சொன்னதையெல்லாம் கேட்டது இது ஒன்றுதான்.

"பூவ எடுத்துட்டுக் கட்டட்டுமா அம்மா?"

"தோணி நகருது."

நகரத்தான் செய்தது. காற்றில் பின்வாங்கிக்கொண்டிருந்தது. கயிறு அவர் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு செங்கோடர் அதைக் கல்லில் சுற்றினார். இன்னொரு சுற்று சுற்றி இழுத்தார். மாலை அறுந்து படியில் சிந்தியது. மஞ்சளும் எண்ணெயும் சேறும் ஒன்றாகக் குழைந்து வழிந்தன. தோணி திரும்பி வந்து படியில் மோதி நின்றது.

இசக்கி கண்ணை இறுக மூடியிருந்தான். திறந்து பார்த்தான். ஒன்றும் ஆகிவிடவில்லை. தோணி கரையில் நின்றது.

தெரு முனையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த சீனியம்மாள் ஒரு பானையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். அவள் பின்னாலேயே தெருவே வந்தது. படியெல்லாம் வைக்கோல் சிதறியது. கோலம் இருந்த இடத்தில் யாரோ வெற்றிலையைத் துப்பினார்கள். பானைகளைத் தோணியில் அடுக்குவது எப்படி என்று இசக்கிக்கும் சீனியம்மாளுக்கும் பெரிய சண்டை வந்தது. சண்டை மும்முரத்தில் இசக்கி தன் ஈரத்துண்டை உதறிக் கட்டுக்கல்லின் தலையில் காயப்போட்டான். போட்டது அவனுக்கே தெரியாது.

நடு ஏரியில் போய்க்கொண்டிருந்த இன்னொரு தோணி துடுப்பை நிறுத்தியது. கும்பிடக் கை எடுத்தவர்கள் கயிற்றையும் துண்டையும் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்கள். பிறகு தயங்கித் தயங்கி இந்தப் பக்கம் திரும்பினார்கள். சீனியம்மாள் அதைப் பார்த்தாள். வண்டியில் ஏற்றிய சக்கரத்தை இறக்கச் சொல்லி வீட்டுப்பக்கம் பார்த்துக் கத்தினாள்.

இறங்கு வெயிலில் அம்மை கொண்டுவந்த புளிச்சோற்றைப் பிரித்தார். மடத்து வழக்கப்படி செங்கோடர் தண்ணீர்ச் செம்போடு ஓரமாக நின்றார்.

"உக்காருங்க," என்றார் அம்மை.

"உங்க முன்னாலயா?"

"மடத்துல எனக்குப் பரிமாற நிறைய ஆள் இருக்கு. கூட உக்காந்து சாப்பிடத்தான் யாரும் இல்ல."

செங்கோடர் அவர் முகத்தைப் பார்த்தார். இத்தனை நாளில் பாதத்தைத்தான் பார்த்திருந்தார். அந்த முகத்தில் இருந்தது அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. செம்பைக் கீழே வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். இருவரும் சாப்பிட்டார்கள்.

பானைகளுக்கு நடுவே இடம் பண்ணி அம்மை தோணியில் ஏறினார். செங்கோடர் கயிற்றை அவிழ்த்தார். கல்லில் மஞ்சள் எல்லாம் போய், கயிறு உராய்ந்த இடம் மட்டும் ஈரமாகப் பளபளத்தது. அந்த இடத்தை ஒருதரம் தடவிப் பார்த்தார். நிமிர்வதற்குள் தோணி நகர்ந்துவிட்டது.

"அம்மா!" என்று கத்தினார். "நாளைக்குக் காலையில இதுக்குப் பூ வைக்கலாமா?"

தண்ணீருக்கு மேலே அம்மையின் குரல் வந்தது.

"கயிறு போக இடம் இருந்தா வைங்க."