நாற்பது மணி நேர வகுப்பு

“மூணு மனு கொடுத்தாச்சு மிஸ். முந்நூறு கையெழுத்து. பதிவாளர் ஒரு வரிகூடப் பதில் எழுதல,” என்றாள் ஆரிஃபா.

பியூலா மிஸ் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆரிஃபா பி.காம். மூன்றாம் ஆண்டு, மாணவர் பேரவையின் செயலாளர். பியூலா புள்ளியியல் நடத்தும் கௌரவ விரிவுரையாளர். ஒவ்வொரு ஜூன் மாதமும் அதே வேலையில் புதிதாகச் சேர்பவர். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல மாட்டார் என்று பெயர்.

“அப்படி என்ன கேட்டுட்டோம்? புள்ளியியல்ல அரியர் வச்சிருக்கவங்களுக்குச் சாயங்காலம் ஒரு மணி நேரம் தனி வகுப்பு. இல்லாததைத்தானே கேக்குறோம்?”

“எப்பலேருந்து இல்ல?”

“மிஸ்?”

“எப்பலேருந்து இல்லன்னு ஆபீஸ்ல கேட்டுட்டு வா.”

ஆரிஃபாவுக்கு எரிச்சல் வந்தது. வெள்ளிக்கிழமை கல்விக்குழு கூடுகிறது. பேரவைக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். இன்று புதன்.

விடுதியில் அவள் அறையில் இருக்கும் மாரிச்செல்வி புள்ளியியலை மூன்று முறை எழுதித் தவறியவள். ஏப்ரலில் நான்காவது முறை. அதுவும் போனால் திருப்பூர் பஸ்ஸில் ஏற்றிவிடுவதாக அவள் அம்மா சொல்லியிருந்தாள். பனியன் கம்பெனியில் இடம்கூடச் சொல்லிவைத்தாயிற்று.

விடுகதைக்கு நேரமில்லை. ஆனாலும் போனாள்.

*

அலுவலகத்தில் கண்காணிப்பாளர் அருணகிரி டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தார்.

“தனி வகுப்பு எப்பலேருந்து நடக்கலன்னு தெரியணும் சார்.”

“நடக்கலையா? யாரும்மா சொன்னா?”

“எல்லாரும் சொல்றாங்க.”

“எல்லாருக்கும் வேற வேலை இல்ல.” அவர் எழுந்து அலமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்துத் தூசியை ஊதினார். “நீங்க முதல் வருசம் படிக்கும்போதே நடந்து முடிஞ்சிருச்சு. புள்ளியியல், நாப்பது மணி நேரம். போட்டோ இருக்கு. வருகைப் பதிவு இருக்கு. ஆய்வுக்கு வந்த குழு இந்தக் கோப்பைப் பாத்துட்டு நம்மளப் பாராட்டிட்டுப் போச்சு.”



“அந்த வருகைப் பதிவு ஒரு ஜெராக்ஸ் கிடைக்குமா சார்?”

“தாராளமா. உங்க பேரவையில மாட்டி வை.”

*

அவள் ஓடி வந்தாள். படியேறும்போதே பேச ஆரம்பித்திருந்தாள்.

“பொய் மிஸ். எல்லாம் பொய். வகுப்பே நடக்கல, பேப்பர்ல நடத்தியிருக்காங்க. எவ்வளவு பெரிய மோசடி. வெள்ளிக்கிழமை ஒருத்தரையும் விடப்போறதில்ல.”

“யாரை?”

“பதிவாளரை. ஆய்வுக்குழுவை. அந்த அருணகிரி சாரை.”

“பேரெல்லாம் வாசி.”

“எதுக்கு மிஸ்?”

“வாசி.”

அவள் வாசித்தாள். நாற்பத்தொரு பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே நாற்பது மணி நேரத்துக்கும் சேர்த்து ஒரே கையெழுத்து. ஏழாவது பெயரில் அவள் குரல் இறங்கியது.

ஏழாவது பெயர் ஆரிஃபா.

ஒரு மதியம் அவளுக்கு நினைவுக்கு வந்தது. மெஸ் வரிசை. கையில் தட்டு. வகுப்புத் தலைவி ஒரு தாளை நீட்டி, “இன்ஸ்பெக்‌ஷனுக்காம், சீக்கிரம் போடு,” என்றாள். சாம்பார் தீர்ந்துகொண்டிருந்தது. போட்டாள்.

“மேல வாசி,” என்றார் பியூலா.

இருபத்து மூன்றாவது பெயர் மாரிச்செல்வி. அந்தக் கையெழுத்தும் ஆரிஃபாவுடையதுதான். அவள் போடும் அதே சாய்வு, கடைசியில் அதே சுழி. அன்று மாரிச்செல்வி காய்ச்சலில் படுத்திருந்தாள். அவளுக்கும் சேர்த்துப் போட்டது ஓர் உதவியாகத்தான் தோன்றியது.

ஆரிஃபா வாசிப்பதை நிறுத்திவிட்டாள்.

“இன்னும் ஒரு பேர் இருக்கு,” என்றார் பியூலா.

தாளின் அடியில் இருந்தது. வகுப்பு எடுத்தவர்: பியூலா.



“நீங்க ஏன் மிஸ் போட்டீங்க?”

“நீ ஏன் போட்ட?”

“எல்லாரும் போட்டாங்க.”

பியூலா துடைப்பானை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார்.

*

மாரிச்செல்வி விடுதியின் பின்பக்கம் துணி அலசிக்கொண்டிருந்தாள். ஆரிஃபா தாளைக் காட்டினாள். மாரிச்செல்வி ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள்.

“ஏட்டி, அப்போ நான் நாப்பது மணி நேரம் கணக்குப் படிச்சவளா?”

தன் பெயருக்கு எதிரே இருந்த சுழியில் விரலை வைத்தாள்.

“அதான் எனக்கு இவ்வளவு தெரியுது.”

தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த சட்டையை வாளியில் முக்கினாள். அன்று அவள் ஆரிஃபாவோடு பிறகு பேசவில்லை.

*

வியாழக்கிழமை காலை முதல் வகுப்புக்கு முன்பே ஆரிஃபா துறை வாசலில் நடந்துகொண்டிருந்தாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு. மறுபடியும்.

பியூலா வந்ததும் கூடவே நடந்தாள்.

“நாளைக்கு நான் வகுப்பு வேணும்பேன். அவங்க கோப்பை எடுத்து வைப்பாங்க. அது பொய்னு சொன்னா, நீயும்தானே கையெழுத்துப் போட்டிருக்கன்னு கேப்பாங்க. பேரவையை விட்டே தூக்குவாங்க. சொல்லாம விட்டா மாரிக்கு வகுப்பு கிடைக்காது. போகாமலே இருந்துரலாமான்னு இருக்கு. இல்ல, புதுசா ஐநூறு கையெழுத்து வாங்கிட்டுப் போகட்டுமா மிஸ்?”

பியூலா நின்றார். கைப்பையிலிருந்து விடைத்தாள் திருத்தும் சிவப்புப் பேனாவை எடுத்தார். ஆரிஃபாவின் கையிலிருந்த தாளை வாங்கிச் சுவரில் வைத்து, தன் கையெழுத்தின் மேல் ஒரு கோடு போட்டார். பக்கத்தில் தேதி எழுதினார்.

“மிஸ், ஜூன்ல உங்களை மறுபடி எடுக்க மாட்டாங்க.”

பியூலா பேனாவை அவளிடம் கொடுத்துவிட்டு வகுப்புக்குள் போனார்.

ஆரிஃபா வராந்தாவில் நெடுநேரம் நின்றாள். பிறகு தாளைச் சுவரில் வைத்தாள்.

*

கையெழுத்து வாங்குவது அவளுக்குப் பழக்கம். அடிக்கச் சொல்வது பழக்கமில்லை.

அறை அறையாகப் போனாள். “அரியரே இல்லாத எனக்கு எதுக்கு வம்பு?” என்று ஒருத்தி கதவைச் சாத்தினாள். “போடச் சொன்னதும் பேரவை, அடிக்கச் சொல்றதும் பேரவையா?” என்று ஒருத்தி கேட்டாள். போடச் சொன்னது பேரவை இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லாமல் பேனாவை நீட்டினாள். தன் பெயருக்குக் குறுக்கே கிடந்த கோட்டைக் காட்டினாள். கேட்டவள் அடித்தாள்.

ஆண்கள் விடுதியிலிருந்து ஒன்பது பேர் வந்து மெஸ் வாசலில் அடித்துவிட்டுப் போனார்கள். “உன் கையெழுத்தைவிட உன் கோடு நல்லாருக்குடா,” என்று ஒருவன் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள்.

ஐந்து பேர் கடைசிவரை மாட்டேன் என்றார்கள்.

மாரிச்செல்வியிடம் போனபோது அவள் பேனாவை வாங்கவில்லை.

“நான் போட்டிருந்தாத்தானே நான் அடிக்க? உன் கையெழுத்தை நீயே அடி.”

ஆரிஃபா அடித்தாள். 

“இப்போ கொடு,” என்றாள் மாரிச்செல்வி. தாளை மடியில் வைத்துக்கொண்டு தன்னுடைய நீலப் பேனாவைத் தேடி எடுத்தாள்.

*

வெள்ளிக்கிழமை பேரவைக்குக் கொடுத்த பத்து நிமிடம் நாலாகச் சுருங்கியிருந்தது.

“வகுப்பு நடந்திருக்கும்மா,” என்றார் பதிவாளர். கோப்பு அவர் முன் திறந்திருந்தது. “நாப்பத்தொரு பேர் கையெழுத்து இருக்கு. உன்னோடதும் இருக்கு.”

“ஆமா சார். நான் போட்டதுதான். வகுப்பு நடக்கல.”

யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். அவள் நகலை மேசையில் வைத்தாள்.

பதிவாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். சிவப்புக் கோடுகளில் விரல் இறங்கிக்கொண்டே வந்து பியூலாவின் பெயரில் நின்றது. துறையின் சார்பில் வந்து மேசையின் கடைக்கோடியில் உட்கார்ந்திருந்த பியூலாவைப் பார்த்தார்.

“மிஸ், இதுவும் நீங்களே அடிச்சதா?”

“ஆமா சார்.”

அவர் தாளைத் தட்டினார். “நகல்ல அடிச்சா அசல் மாறிருமா?”

“அசலைக் கொடுங்க சார். பேனா கொண்டுவந்திருக்கோம்,” என்றாள் ஆரிஃபா. “முப்பத்தஞ்சு பேரும் வெளிய நிக்கிறாங்க.”

கதவுக்கு வெளியே செருப்புகள் உரசும் சத்தம் கேட்டது. யாரோ இருமினார்கள்.

பதிவாளர் மறுபடியும் தாளைப் பார்த்தார். எல்லாப் பெயர்களுக்கும் கீழே, வெறும் இடத்தில், நீல மையில் ஒரு கையெழுத்து. கோணல் மாணலாக, முழுப் பெயரும், முதல் தடவை எழுதுவது போல.

“மாரிச்செல்வி. இது என்ன, அடிக்காம விட்டிருக்கு? இந்தப் பொண்ணு வகுப்புக்கு வந்தாளா?”

“இல்ல சார். அவ நேத்துத்தான் கையெழுத்துப் போட்டா.”

“எந்த வகுப்புக்கு?”

ஆரிஃபா பியூலாவைப் பார்க்கவில்லை.

“இனிமே நடக்கப்போறதுக்கு.”