மாடத்தி ஈ ஓட்டிய கதை

ஈயும் எறும்பும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், பொருநை ஆற்றங்கரைத் தோணித்துறையில் மாடத்தி என்பவள் கருப்பட்டிக் கடை வைத்திருந்தாள். அவள் கணவன் கொம்பையாதான் அந்தத் துறையின் தோணிக்காரன்.

ஒரு ஐப்பசியில், அக்கரைக்கு ஆட்களை ஏற்றிப் போனவன் திரும்பவில்லை. மலையில் பெய்த மழை அதற்குள் வெள்ளமாய் இறங்கிவிட்டது. உடைந்த துடுப்பு மட்டும் கரை ஒதுங்கியது. அதைப் பார்த்தபின் ஊரார் அவள் முகம் பார்த்துப் பேசவே தயங்கினார்கள்.

துறைக்கு ஆள் வரவில்லை, வியாபாரமும் இல்லை. ஆனாலும் மாடத்தி கடையை அடைக்கவில்லை. வீட்டுக்குப் போனால் அழுகை வந்துவிடும். அதனால் அங்கேயே உட்கார்ந்து, கருப்பட்டியில் மொய்த்த ஈக்களை ஓலை விசிறியால் விரட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏன் தாயே விரட்டுகிறாய்? வாங்கத்தான் ஆள் இல்லையே, நாங்களாவது தின்கிறோம்" என்றது ஓர் ஈ.

மாடத்தி விசிறியைக் கீழே வைத்தாள். "தின்னுங்க. ஆனா எனக்கு ஒரு காரியம் செய்யணும். அக்கரைக்குப் போயி, எங்க வீட்டுக்காரரு உசுரோட இருக்காரான்னு பாத்துட்டு வாங்க."

"ஆற்றுக் காற்று எங்களை அள்ளிக்கொண்டு போய்விடுமே" என்ற ஈ, அவள் கண்களைப் பார்த்தது. "சரி, போகிறோம்."

காற்று அவற்றைத் திருப்பித் திருப்பித் தள்ளியது. களைத்து வந்தவற்றுக்குக் கருப்பட்டி கொடுத்து, மறுபடி கையை வீசி ஆற்றுப் பக்கம் ஓட்டினாள் மாடத்தி.

அவ்வழியே வந்த பக்கத்து வீட்டு இசக்கி, "என்ன மதினி செய்யுத?" என்றாள்.

"ஈ ஓட்டுதேன்."

'பாவம், வேலையில்லாம உக்காந்து ஈ ஓட்டுதா' என்று இசக்கி போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனாள்.

பொழுது சாயும்போது, நனைந்த சிறகோடு ஓர் ஈ மாடத்தியின் மணிக்கட்டில் வந்து விழுந்தது.

"இருக்கிறார் தாயே! மருதமரத்தடியில், காலில் காயத்தோடு படுத்திருக்கிறார். காயத்தில் உட்காரப் போனேன். 'சீ, போ!' என்று விரட்டினார். குரலில் நல்ல தெம்பு!"

மாடத்தி அழுதுகொண்டே சிரித்தாள். கருப்பட்டிக் கூடையை முழுவதுமாகத் திறந்து வைத்தாள். வெள்ளம் வடிந்ததும் கொம்பையா நொண்டிக்கொண்டே வந்து சேர்ந்தான்.

ஊரில் நிலைத்தது என்னவோ இசக்கியின் பேச்சுதான். ஆள் வராத கடையில் சும்மா உட்கார்ந்திருப்பவரை 'ஈ ஓட்டுகிறார்' என்று சொல்லத் தொடங்கியது அன்றிலிருந்துதான். எத்தனை முறை விரட்டினாலும் ஈ அதே கைக்குத் திரும்பி வருவதும் அன்றிலிருந்துதான்.