கொக்குக் கரண்ட்

கணவாய்க்குறிச்சி பஸ் நிலையத்துக்குக் கூரை அமைத்தவள் செண்பகவல்லி என்கிற சிற்பி. அது சாதாரணக் கூரை இல்லை. நெடிய இரும்புக் கம்பங்களின் உச்சியில் தகரக் கொக்குகள் கூட்டமாக நிற்கும். காற்றடித்தால் சுற்றும். அவை சுற்றினால் மாலையில் கீழே விளக்கு எரியும்.

அவளிடம் சீடராக இருந்தவர் தேவசகாயம் சார். ஊரில் பாதிப் பேருக்கு இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். குருவைவிட மிகவும் மூத்தவர். அவர் அவளை ‘அம்மா’ என்பார், அவள் அவரை ‘சார்’ என்பாள். தகரத்தை வெட்டி, வளைத்து, சிறகாக்க அவளிடம்தான் கற்றார்.

அன்று காலை டீக்கடைப் பொன்னுலிங்கம் கிளாசை வைத்துவிட்டு நகராமல் நின்றான்.

“சார், ஒண்ணு கேக்கட்டா? இந்த வேம்புல ஒரு இலை அசையல. மேல கொக்கு மட்டும் எப்படிச் சுத்துது?”

“உயரத்துல காத்து இருக்கும்ப்பா.”

“மேல காத்து, கீழ புழுக்கமா? நான் உங்ககிட்ட ஃபெயிலானவன்தான், மடையன் இல்ல. உள்ள மோட்டார் இருக்கு. திருட்டு லைன்ல ஓடுது. நாளைக்கு ஊர்க்கூட்டம். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. மோட்டார்னா அன்னைக்கே எல்லாத்தையும் கழட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுருவோம்.”

சார் சிரித்து மழுப்பிவிட்டு வந்தார். ஆனால் கூரைக்குக் கீழே வந்ததும் கைக்குட்டையை விரித்துத் தூக்கிப் பிடித்தார். அது செத்த மீன் மாதிரித் தொங்கியது. மேலே கொக்குகள் சுற்றிக்கொண்டிருந்தன.

அதன் பிறகு பார்த்ததெல்லாம் வேறு மாதிரித் தெரிந்தது. சுவிட்சுப் பெட்டியை அம்மா ஏன் பூட்டியே வைக்கிறாள்? ஷாக் அடிக்கும் என்கிறாள். எனக்குமா? நடுக் கம்பத்திலிருந்து ஒரு கறுப்பு ஒயர் இறங்கி, மதிலோரத்து மின்கம்பத்தின் காலடியில் மண்ணுக்குள் போகிறது. நான் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நாளில் அதை ஏன் பதித்தாள்?

அந்த ஒயரைப் பற்றி ஒருமுறை அவளிடம் கேட்டிருக்கிறார். “அதுவா, அதுல கரண்ட் போகுது சார்” என்றாள். அடிக்கடி நின்றுபோகிற லைன் போலும் என்று அன்று விட்டுவிட்டார். வெளியிலிருந்து லைன் வராவிட்டால் கரண்ட் எப்படிப் போகும் என்று இன்று உறைத்தது. அவளே அறியாமல் உளறியிருக்கிறாள்.

மத்தியானம் அவள் முன்னால் போய் நின்றார்.

“அம்மா, கொக்கைச் சுத்த வைக்கிறது காத்தா, மோட்டாரா?”

செண்பகவல்லி ஒரு சிறகின் விளிம்பை அரத்தால் ராவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“யாரு கேக்குறது? பொன்னுலிங்கமா, நீங்களா?”

“நான்தான்.”

அவள் இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து நீட்டினாள்.

“பெட்டியில ஒரே ஒரு பியூஸ் கட்டை இருக்கு. பிடுங்குங்க.”

“பிடுங்கினா?”

“மோட்டார்னா நின்னுரும்.”

இவ்வளவு சுலபமாகக் கொடுக்கிறாளே, இதிலும் ஏதாவது இருக்குமோ என்று யோசித்தபடியே பெட்டியைத் திறந்தார். வெள்ளைப் பீங்கான் கட்டை. பிடுங்கிவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

கொக்குகள் நிற்கவில்லை. வேகம் பிடித்தன. பாரவண்டியிலிருந்து அவிழ்த்துவிட்ட மாடு மாதிரி லேசாகப் பறந்தன.

மோட்டாருக்குக் கரண்ட்டை நிறுத்தினால் அது நிற்கும். சைக்கிள் டைனமோவைச் சக்கரத்திலிருந்து விலக்கினால் மிதி லேசாகும். வருஷா வருஷம் வகுப்பில் அவரே நடத்திய பாடம்.

மதிலுக்கு அப்பால் ஒரு குழந்தை சிணுங்கியது. இன்னொன்று வீறிட்டது. பிறகு அங்கன்வாடி ஆயாவின் குரல் மதிலைத் தாண்டி வந்தது.

“யாருலே கட்டையப் பிடுங்குனது? கொக்குக் கரண்ட் போயிட்டு! ஃபேன் நின்னுட்டு! இப்பதான் எல்லாத்தையும் உறங்க வச்சேன், உங்களுக்கு வேற நேரமே கிடைக்கலியா?”

சார் மெதுவாக அந்த ஒயரைப் பார்த்தார். அதில் எதுவும் வரவில்லை. இங்கிருந்துதான் போகிறது.

“இதை ஏம்மா என்கிட்ட சொல்லல?”

“சொன்னேனே சார். அதுல கரண்ட் போகுதுன்னு.”

“நம்ம ஊர்ல கரண்ட் போகுதுன்னா...” என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். கையில் கட்டை கனத்தது. மதிலுக்கு அப்பால் அழுகை கூடிக்கொண்டே போயிற்று.

“கூடவே இருந்துகிட்டு உங்களைச் சந்தேகப்பட்டுட்டேன். நாளைக்குக் கூட்டத்துல நான் எந்த முகத்தோட பேசுவேன்?”

செண்பகவல்லி அப்போதுதான் நிமிர்ந்தாள்.

“கூட்டம் நாளைக்குத்தான் சார். பிள்ளைகளுக்கு இப்பவே வேர்க்குது. கட்டையை மாட்டுங்க.”